சென்சாரை மாற்றும் முன்: காற்று வெப்பநிலைக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0113 என்று ஓர் எண் வருகிறது, பக்கத்திலேயே 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார்' என்று பெயரும் வருகிறது. பெயரே வந்துவிட்டதே என்று புது சென்சார் வாங்கிப் போட்டு, எரர் கோட் அழித்து, நிம்மதியாக ஓட்டுகிறோம். இரண்டாம் நாள் அதே விளக்கு, அதே எண்.

இது அடிக்கடி நடப்பது. ஏனென்றால் அந்த எண் 'சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்லவே இல்லை. 'சென்சார் வயரில் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்குச் சென்சாரும் காரணமாக இருக்கலாம். கழன்ற கனெக்டர், எலி கடித்த வயர், பச்சைக் களிம்பு பூத்த கனெக்டர் பின் (உலோக ஊசி), ஏர் ஃபில்டர் மாற்றும்போது கழற்றிவிட்டு மறுபடி மாட்ட மறந்த பிளக் என எதுவும் காரணமாக இருக்கலாம். என் அனுபவத்தில் சென்சார் தானாகச் சாவது குறைவு. கனெக்டரும் வயரும்தான் முதல் குற்றவாளிகள். ஆகவே கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளும் ஒரே யோசனையில் நிற்கின்றன: விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியைச் சென்சாரிடம் கேட்டுப் பார்ப்பது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சென்சாரின் நுனியில் அரிசி மணி அளவில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். பரவலாகப் புழங்கும் பாஷ் வகை சென்சாரில் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 5,900 ஓம், 20-ல் 2,500, 40-ல் 1,200, 60-ல் 600, 80-ல் 320, 100-ல் 190 ஓம் வரும். வேறு நிறுவனச் சென்சாரில் எண்கள் மாறும், ஆனால் சரிவின் வடிவம் இதேதான்: குளிரில் பெரிய பெரிய தாவல், சூட்டில் சின்னச் சின்ன மாற்றம். இந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மிக முக்கியமான ஓர் இடத்தில் தேவைப்படும்.

ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, தன்னுள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை இந்த மணிக்கு அனுப்புகிறது. மணியின் மறுமுனை ஈசியுவின் கிரவுண்டுக்குப் போகிறது. நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்துபோனால் மின்தடை எல்லையற்றதாகிவிடும், வோல்டேஜ் 5-க்கு ஏறும், ஈசியு அதை 'தாங்க முடியாத குளிர்' என்று படிக்கும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி வருவது இதனால்தான். இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழும். அப்போது 120, 140 டிகிரி என்று கொதிக்கும் எண் வரும்.

சரி, காற்று எவ்வளவு சூடு என்று தெரிந்து ஈசியுவுக்கு என்ன ஆக வேண்டும்? குளிர்ந்த காற்று கனமானது. கடல் மட்ட அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் காற்று 0 டிகிரியில் 1.29 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோ. கனமான காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். தவிர, சூடான காற்று உள்ளே போனால் இன்ஜின் தட்டும் (எரிபொருள் நேரம் தவறி வெடித்து ஒலி எழுப்பும்) வாய்ப்பு அதிகம், அதனால் ஈசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும்.

உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்து இதே பழுது வேறு வேறு முகம் காட்டும். மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டியில் எரிபொருள் அளவே இந்த எண்ணை நம்பி நிற்கிறது. தவறினால் உடனே தெரியும். காற்றின் எடையை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் எரிபொருள் பெரிதாக மாறாது, டைமிங்தான் மாறும். அதனால் ஒருவர் 'எனக்கு மைலேஜ் பாதியாகிவிட்டது' என்பார், இன்னொருவர் அதே குறியீட்டோடு மாதக்கணக்கில் எதுவும் தெரியாமல் ஓட்டியிருப்பார். இரண்டும் உண்மையே.

சென்சார் எங்கே இருக்கிறது

ஏர் ஃபில்டர் பெட்டியிலோ, அங்கிருந்து திராட்டில் வரை போகும் குழாயிலோ இரண்டு பின் கனெக்டரோடு தனியாக இருக்கலாம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம், அப்போது கனெக்டரில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து பின் இருக்கும். மேனிஃபோல்டில் அழுத்த சென்சாரோடு சேர்ந்து நான்கு பின்னோடு இருக்கலாம். டர்போ வண்டியானால் இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பின்னால் இரண்டாவதாக ஒன்றும் இருக்கலாம். இரண்டு பின் உள்ளது எளிது. மற்றவற்றில் எந்தப் பின் எதற்கு என்று உங்கள் மாடலின் வயரிங் வரைபடத்தைப் பார்க்காமல் எந்தப் பின்னையும் தொடாதீர்கள். பக்கத்திலேயே 12 வோல்ட் பின் இருக்கலாம், அதைத் தவறான இடத்தில் இணைத்தால் ஈசியு போய்விடும்.

டாஷ்போர்டில் வெளி வெப்பநிலை தப்பாகக் காட்டுகிறது என்றால் அது வேறு சென்சார். முன் பம்பரிலோ பக்கக் கண்ணாடியிலோ இருக்கும். இன்ஜினுக்கும் அதற்கும் பொதுவாக நேரடித் தொடர்பு இல்லை. ஏசியைக் கட்டுப்படுத்தத்தான் அது. குறியீடும் பி0070 முதல் பி0074 வரை உள்ள வரிசையில் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இரண்டு எண்களைப் பாருங்கள்: உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, கூலன்ட் வெப்பநிலை. எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் இன்ஜின், கூலன்ட், காற்று எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது சாட்சியும் கிடைக்கும். மூன்றும் நான்கைந்து டிகிரிக்குள் இருந்தால் குளிர்ந்த நிலையில் பெரிய தப்பு இல்லை. ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் சந்தேகத்துக்குரியது. காற்றும் கூலன்டும் இரண்டுமே மைனஸ் 40 என்றால் இரண்டு சென்சாரும் ஒரே இரவில் செத்திருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

வெயிலில் நின்ற வண்டியில் இதைச் செய்யாதீர்கள். பானெட் சூடேறியிருக்கும், கூலன்ட் ஒரு சூட்டிலும் ஃபில்டர் பெட்டி இன்னொரு சூட்டிலும் இருக்கும், எண்கள் சும்மாவே பிரிந்து நிற்கும்.

அறிகுறி: மைனஸ் 40 காட்டுகிறது, பி0113

சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது. முதலில் கண்ணால் பாருங்கள்: கனெக்டர் மாட்டியிருக்கிறதா, அதன் பூட்டு 'டிக்' என்று விழுந்திருக்கிறதா. மாட்டியது போலத் தெரியும், இழுத்தால் கையோடு வரும் கனெக்டர்கள் ஏராளம்.

அது சரியாக இருந்தால், இரண்டு பின் சென்சாரில் இந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் வழக்கை முடித்துவிடும். இன்ஜின் அணைத்து, சாவி ஆன் நிலையில், கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். வெறும் வயரால் இணைப்பதுதான் வழக்கம், எனக்கு ரெசிஸ்டர்தான் பிடிக்கும். பின் தவறிப்போனாலும் பெரிய சேதம் வராது, தவிர ஒரு தெளிவான எண்ணும் கிடைக்கும். பாஷ் வகை வண்டியில் ஸ்கேனர் இப்போது 23 டிகிரி பக்கம் காட்ட வேண்டும். காட்டினால் வயரும் ஈசியுவும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் போயிருக்கிறது, அல்லது சென்சார் பக்கத்துப் பின் சரியாகத் தொடவில்லை.

இன்னும் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பை கனெக்டரின் ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், மற்றது பூஜ்யம். 5 வோல்ட் வரவே இல்லை என்றால் ஈசியுவிலிருந்து வரும் வயர் அறுந்திருக்கிறது. 12 வோல்ட் வந்தால் அந்த வயர் எங்கோ ஒரு பேட்டரி வயரோடு உரசி ஒட்டியிருக்கிறது, அதைத் தேடி விலக்கும் வரை எதையும் மாட்டாதீர்கள். 5 வோல்ட் வருகிறது, ஆனால் கறுப்பு முனையை பேட்டரியிலிருந்து எடுத்து மற்றொரு பின்னில் வைத்ததும் 5 காணாமல் போகிறது என்றால் கிரவுண்ட் வயர் போயிருக்கிறது. இந்தக் கடைசி நிலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 5 வோல்ட்டைப் பார்த்ததும் 'வயர் எல்லாம் ஓகே' என்று மீட்டரை மூடிவிடுகிறார்கள். ஒரு வயரை மட்டும் பார்த்திருக்கிறோம், இன்னொன்று பாக்கி.

அறிகுறி: 120-க்கு மேல் காட்டுகிறது, பி0112

இது எளிது. கனெக்டரைக் கழற்றுங்கள். எண் மைனஸ் 40-க்கு விழுந்தால் சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, மாற்றுங்கள். கழற்றிய பிறகும் 120-லேயே நின்றால் வயர் எங்கோ பாடியிலோ கிரவுண்ட் வயரிலோ ஒட்டியிருக்கிறது. கூர்மையான ஓரம் உள்ள பிராக்கெட், பேட்டரி தட்டின் அடிப்பகுதி, எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கும் ஹார்னெஸ் (வயர்க் கட்டு) ஆகிய இடங்களில் தேடுங்கள்.

அறிகுறி: எரர் கோட் எதுவும் இல்லை, சூடானதும் இன்ஜின் தட்டுகிறது

இது கஷ்டமானது. ஈசியு எதையும் குறை சொல்லவில்லை, ஆனால் ஓட்டுபவருக்குத் தெரிகிறது. காலையில் நன்றாக இருக்கும் வண்டி, மதியம் மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கிணிகிணி என்று தட்டுகிறது.

தரம் குறைந்த பெட்ரோல், இன்ஜினுக்குள் படிந்த கார்பன், கூலன்ட் சூடு இவற்றையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். அவையெல்லாம் சரியாக இருந்தும் தட்டல் போகாத ஒரு வண்டி என்னிடம் வந்தது. குளிர்ந்த சோதனையில் காற்று 23, கூலன்ட் 27. நான்கு டிகிரி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மேலே போய்விட்டேன். அப்புறம் சூடான இன்ஜினில், ஃபில்டர் பெட்டிக்குள் சென்சாருக்குப் பக்கத்தில் மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும்) முனையைச் செருகிப் பார்த்தேன். தெர்மோகப்பிள் 62 என்றது, ஸ்கேனர் 48 என்றது. காலையில் 4 டிகிரி இருந்த பொய், மதியம் 14 டிகிரியாக வளர்ந்திருந்தது.

கணக்கைப் பாருங்கள். 62 டிகிரியில் அந்தச் சென்சார் சுமார் 560 ஓம் இருக்க வேண்டும். ஈசியு 48 என்று படிக்கிறது என்றால் அது 890 ஓம் பார்க்கிறது. நடுவில் 330 ஓம் எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. அதே 330 காலையிலும் இருந்தது. ஆனால் 27 டிகிரியில் சென்சாரே 1,900 ஓம் இருந்ததால் அந்தக் கூடுதல் அதில் கரைந்துவிட்டது. நான் முன்பு சொன்ன சரிவின் வடிவம் இங்கேதான் வேலை செய்கிறது: தொடர்ச்சியாகச் சேரும் மின்தடை, அதாவது துருப்பிடித்த அல்லது தளர்ந்த பின், குளிரில் தன்னை மறைத்துக்கொண்டு சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். காற்று சூடாக இருக்கும் நேரத்தில் ஈசியு அதை மிதமான சூடு என்று நம்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாமல் விடுகிறது, இன்ஜின் தட்டுகிறது.

கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்கள் பளபளப்பாகவே இருந்தன. சென்சாரின் பின் அளவில் ஒரு மெல்லிய உலோகப் பின்னை எடுத்து, கனெக்டரின் ஒவ்வொரு துளையிலும் மெதுவாகச் செருகி இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் மெல்லப் பிடித்துக்கொண்டு வந்தது, அதுதான் சரி. மற்றொன்றில் வெண்ணெயில் கத்தி போவது போலப் போய் வந்தது. யாரோ முன்பு தடித்த மீட்டர் முனையை அதற்குள் குத்திச் சோதித்திருக்கிறார்கள், துளை விரிந்துவிட்டது. அந்த ஒற்றைப் பின்னை மட்டும் மாற்றினேன். அன்று மதியம் ஸ்கேனரும் தெர்மோகப்பிளும் ஒரு டிகிரி வித்தியாசத்தில் நின்றன, மேட்டில் தட்டல் இல்லை. சென்சார் பழையதேதான்.

ஆகவே மீட்டர் முனையைப் பின்னின் முன்பக்கத் துளைக்குள் அழுத்தாதீர்கள். வயர் கனெக்டருக்குள் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையை வைத்துத் தொடுங்கள். இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. கனெக்டருக்குள் ஈரம் புகுந்து இரண்டு பின்களுக்கும் நடுவே ஒரு கசிவுப் பாதை உண்டாகலாம். இது பக்கவாட்டில் சேரும் மின்தடை. அது 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரியில் ஒரு டிகிரி வித்தியாசம்தான் வரும். 0 டிகிரியில் 10 டிகிரி அதிகமாகக் காட்டும். கழுவியபின் அல்லது மழைக்குப்பின் குளிர்காலக் காலைகளில் மட்டும் தொல்லை தரும் வண்டியில் இதைத் தேடுங்கள். கனெக்டரைக் கழற்றி, காற்றடித்து உலர்த்தி, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆக அடம், கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு

ஈசியு உண்மையைவிடக் குளிர் என்று நம்பினால் எரிபொருளை அதிகமாக ஊற்றும். வெளியே 30 டிகிரி, ஈசியு மைனஸ் 40 என்று நம்புகிறது என்றால், காற்றின் அடர்த்திக் கணக்கில் மட்டும் 30 சதவீதம் கூடிவிடுகிறது. நல்ல வேளையாக, இவ்வளவு அப்பட்டமான பொய்யைப் பெரும்பாலான ஈசியுக்கள் கண்டுபிடித்து, குறியீட்டைப் பதிவு செய்துவிட்டு, ஒரு மாற்று எண்ணை வைத்து ஓட்டிக்கொள்ளும். இன்ஜின் சூடானதும் ஆக்சிஜன் சென்சாரும் ஓரளவு சரிக்கட்டிவிடும்.

அதனால் இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் கூலன்ட் வெப்ப சென்சாரைத்தான் பார்ப்பேன். குளிர் ஸ்டார்ட்டில் எவ்வளவு எரிபொருள் என்பதை முக்கியமாக முடிவு செய்வது அதுதான். கூலன்ட் எண் சரி, காற்று எண் மட்டும் தப்பு என்று குளிர்ந்த சோதனையில் உறுதியான பிறகே இந்தப் பக்கம் வாருங்கள். ஃப்யூயல் டிரிம் எண்களையும் (ஈசியு எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டுபவை) பாருங்கள்: பெரிய மைனஸில் இருந்தால் ஈசியு எரிபொருளைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கிறது என்று பொருள். கசியும் இன்ஜெக்டராலும் இது வரும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: நெரிசலில் நின்று கிளம்பினால் இழுவை இல்லை

பெரும்பாலும் இது பழுதே அல்ல. ஓடும்போது உள்ளே போகும் காற்று வெளிக்காற்றைவிட 5 முதல் 15 டிகிரி வரை அதிகமாக இருப்பது சாதாரணம். நெரிசலில் இன்ஜின் சூட்டைச் சுற்றியே நின்றால் 20, 30 டிகிரி கூடிவிடும். சூடாக அணைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டால் 60, 70 கூடக் காட்டும். ஈசியு டைமிங்கைக் குறைப்பது இன்ஜினைக் காப்பாற்றத்தான்.

பழுதா, சூடா என்று பிரிக்க ஒரு வழி: வண்டி வேகமெடுத்து ஓரிரு நிமிடம் ஓடியதும் எண் விழ வேண்டும். விழுந்தால் சென்சார் உண்மை பேசுகிறது. விழாமல் நின்றால், வெளியிலிருந்து காற்றை இழுக்கும் குழாய் கழன்று, ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் சூடான காற்றை இன்ஜின் குடிக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் பெட்டியின் மூக்குக் குழாய் விலகியிருப்பது சர்வீஸுக்குப் பிறகு அடிக்கடி நடக்கும்.

அறிகுறி: எண் நகரவே இல்லை, அல்லது ஆமை போல நகர்கிறது, பி0111

முதலில் ஓர் எச்சரிக்கை. குறியீடு பதிவான பிறகு சில வண்டிகளில் ஸ்கேனர் காட்டுவது சென்சார் சொல்வதை அல்ல, ஈசியு வைத்துக்கொண்ட மாற்று எண்ணை. 20 என்றோ 25 என்றோ வட்டமான ஒரு எண் அசையாமல் நிற்கும். குறியீட்டை அழித்துவிட்டு, சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து, அப்புறம் பாருங்கள்.

அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி, கனெக்டரோடு மாட்டியபடியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து நுனியில் ஊதுங்கள். எண் தடங்கலின்றி ஏற வேண்டும், நிறுத்தினால் சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாலோ மணியில் விரிசல். மணி வெளியே தெரியும் வகை சென்சார் சில நொடிகளிலேயே பதில் சொல்லும். பித்தளைக் கூட்டுக்குள் மூடிய வகைக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், அதை மந்தம் என்று தூக்கி எறியாதீர்கள்.

டிரையர் இல்லையா? சென்சாரைத் தனியாகக் கழற்றி மீட்டரை ஓமில் வைத்து நுனியை இரு விரலால் பிடியுங்கள். குளிர்ந்த அறையில் 2,500 ஓமில் இருந்தது, விரல் சூட்டில் 1,600 பக்கம் இறங்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளர்தான் உலகில் மிக மலிவான அளவுகோல், அது 0 டிகிரி. சென்சார் நுனியை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதில் ஐந்து நிமிடம் வைத்தால் 5,900 ஓம் பக்கம் வர வேண்டும். மாஸ் ஏர்ஃப்ளோவோடு சேர்ந்த சென்சாரை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதன் சூடான கம்பி மிக நாசூக்கானது.

மந்தத்துக்கு வழக்கமான காரணம் அழுக்கு. எண்ணெய் பூசிய ஏர் ஃபில்டரிலிருந்தும் கிராங்க்கேஸ் புகைக் குழாயிலிருந்தும் வரும் எண்ணெய்ப் படலம் மணியைப் போர்த்திவிடும். மேனிஃபோல்டில் உள்ள சென்சாரில் கரி அப்பியிருக்கும், டீசலில் இது மிக அதிகம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்து, தானாக உலர விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கைத் தின்னும். பிரஷ்ஷாலோ நகத்தாலோ சுரண்டினால் மணியின் கால் ஒடியும்.

அறிகுறி: குண்டும் குழியுமான சாலையில் மட்டும், பி0114

லைவ் டேட்டாவை வரைபடமாக ஓட விட்டு, ஹார்னெஸை ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டுங்கள், வளையுங்கள், மெல்ல இழுங்கள். கோடு ஒரு கணம் மைனஸ் 40-க்குக் குத்திட்டு விழும் இடத்தில் உங்கள் கை இருக்கும். வயர் தோல் முழுதாக இருந்து உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பது உண்டு. இழுத்தால் அந்த இடம் ரப்பர் போல நீளும். ஆட்டும்போது இன்ஜின் ஓடத் தேவையில்லை, சாவி ஆன் போதும். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம், கையைத் தள்ளி வையுங்கள்.

டர்போ வண்டியில் இரண்டு எண்கள் முரண்பட்டால்

இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சாரின் குறியீடுகள் பி0095-லிருந்து தொடங்கும். பி0097 குறைந்த வோல்டேஜ், பி0098 அதிக வோல்டேஜ். சோதனை முறை எல்லாம் மேலே சொன்னதேதான். டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாவதால், பாரத்தில் இரண்டாவது எண் முதலாவதைவிட அதிகமாக இருப்பது இயல்பு. மிக அதிகமாகிக்கொண்டே போனால் இன்டர்கூலரின் முகத்தில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில், சாவி மட்டும் ஆன் நிலையில், இரண்டும் ஒன்றாக நின்றே ஆக வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பாகத்தின் எண்ணைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். துளையிலும் கனெக்டரிலும் கச்சிதமாக உட்கார்வதால் மட்டும் அது சரியான சென்சார் ஆகிவிடாது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வகை சென்சார் 20 டிகிரியில் 3,500 ஓம் தரும். பாஷ் வகை சரிவை எதிர்பார்க்கும் ஈசியு அதை 12 டிகிரி என்று படிக்கும். எரர் கோட் வராது, விளக்கு எரியாது, எட்டு டிகிரி பொய்யோடு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓ-ரிங்கில் ஒரு துளி சிலிகான் கிரீஸ் தடவி, திருகும் வகையானால் கையால் இறுக்கி, ஸ்பேனரால் லேசாகக் கடைசித் திருகு மட்டும் கொடுங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் மரை எளிதில் உரிந்துவிடும். அங்கே காற்று கசிந்தால் ஐடிலிங் ஆடத் தொடங்கி, வேறொரு பழுதைத் தேடிப் போக நேரிடும். குறியீட்டை அழித்து, வழக்கம்போல ஒரு நாள் ஓட்டி, இரவு நிறுத்துங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரை மாட்டி, காற்று, கூலன்ட், தெர்மாமீட்டர் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். அன்று மதியம் சூடான இன்ஜினில் தெர்மோகப்பிளோடு இன்னொருமுறை.